கள்ளனை முதலில் பிடித்த புத்தகம்

பீவி ஜானை ஓர் இடத்தில் சும்மா உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. பேசிக்கொண்டே முந்தானை நுனியை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். துக்க வீட்டுக்குப் போனாலும் அங்கே கிடக்கும் பழைய காகிதத்தை எடுத்து நான்காய் மடித்து, நகத்தால் கீறி வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவாள். "ஒன் கைல இன்னா பேய் பூந்துகீதா?" என்று பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி கேட்பாள். பேயுமில்லை, பிசாசுமில்லை. கணவன் நூர் அகமது திருவள்ளூரில் புத்தகம் பைண்டிங் செய்தவன். கல்யாணமாகிப் பழவேற்காட்டிலிருந்து வந்த நாள் முதலாய் இவளும் அவனோடு உட்கார்ந்து மடித்தவள், தைத்தவள். வேலை பழகின கை, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் நூர் அகமது காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்ததுதான் தாமதம், பழவேற்காட்டிலிருந்து அண்ணன் அப்துல் கனி வந்து நின்றார். கருவாடும் துணியும் வியாபாரம் செய்கிற மனிதர். நல்லவர். அதுதான் தொல்லையே! கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை சுருக்கென்று கேட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள்.

"நம்மூட்டுக்கு வந்துடும்மா. மூணு வேள சோறு. ஒரு வேல செய்ய வாணாம்," என்றார் அப்துல் கனி.

ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்றதுதான் பீவி ஜானுக்குப் பெரிய பயம். அண்ணன் வீட்டு உள்கட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? அண்ணிமார் போடும் சோற்றை வாங்கித் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதா?

"அண்ணே, இப்ப ஒரு பொஸ்தகம் கைல எட்த்துகினுகீறேன். அத்த முட்ச்சிக் குட்த்துட்டு சொல்றேனே."

"நல்லபடியா முட்ச்சீன்னா இங்கியே இரு, நான் தடுக்கல. ஏதாச்சும் பேஜார் ஆச்சின்னு என் காதுல வுழுந்திச்சோ, பொட்டியக் கட்டிக்கினு கெளம்பிடணும். இன்னா?"

"சரிண்ணே."

அந்தப் புத்தகத்தை எழுதியவர், அச்சடித்தவர், விற்கப் போகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். தேரடிப் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருந்த ஆதிகேசவன். கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீஸும் கருமாதிக் கார்டும் அடித்து அடித்து அலுத்துப்போனவர். பிள்ளைகளுக்கு ஒரு துப்பறியும் நாவல் எழுதியே தீருவது என்று அவருக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. 'மதகுச் சாவி மர்மம்' என்று பெயர் வைத்தார். பூண்டி ஏரி மதகின் சாவி காணாமல் போகிறது, மூன்று பிள்ளைகள் துப்புத் துலக்குகிறார்கள். திருடியவன் யார் என்கிறீர்கள்? பிள்ளைகளைக் கண்டபோதெல்லாம் மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்து, "நல்லா படிக்கணும் கண்ணுங்களா" என்று தலையைத் தடவும் கணக்கப்பிள்ளைதான். கடைசி அத்தியாயம் வரைக்கும் அந்த ஆள்மேல் ஒரு தூசு சந்தேகம் விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். அந்தப் பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவரிடம் ஈய எழுத்துக் குறைச்சல். பதினாறு பக்கம் கோர்த்தால் பெட்டி காலி. பதினாறு பக்கம் அச்சாகும் ஒரு தாளைத்தான் அச்சகக்காரர்கள் பாரம் என்பார்கள். ஒரு பாரம் அடித்து முடித்து, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை யோசிப்பார். ஆக, ஒரு பாரத்துக்கு ஓர் அத்தியாயம். அதற்குமேல் கதையை ஒரு வரி வளர விடமாட்டார். அப்படியே ஐந்து பாரத்தில் ஐந்து அத்தியாயம் முடிந்தது. தை அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தங்கரையில் கூடும் கூட்டத்தில் விற்றுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நூரு பாய் இல்லாம ஒன்னால ஆவுமா பீவிம்மா? தமிழு படிப்பியா?" என்று அவர் கேட்டபோது, "ஓ, படிப்பனே மொதலாளி!" என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள்.

சுத்தப் பொய். பழவேற்காட்டு மதரசாவில் அவள் படித்தது அரபுத் தமிழ். பேச்சு நம் தமிழ்தான், எழுத்து மட்டும் அரபி. அதில் அவள் கடகடவென்று வாசிப்பாள். நம் எழுத்தில் ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் கணவனிடம் கற்றுக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொன்னால் வேலை சென்னைக்குப் போய்விடும், வேலை போனால் அண்ணன் வீட்டு உள்கட்டு. பொய் சொல்லாமல் வேறென்ன செய்வாள்?

பாரங்களுக்கு அடியில் சின்னதாய் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தது. மடிக்க வேண்டும், எண் வரிசையில் அடுக்க வேண்டும், தைத்து அட்டை ஒட்ட வேண்டும். மடிப்பதும் தைப்பதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுக்கும் வேலை மட்டும், தமிழ்ப் புத்தகமாயிருந்தால், எப்போதும் நூர் அகமது செய்வான். சென்னை மண்ணடிக் கடைகளுக்குப் போகும் அரபுத் தமிழ்ப் புத்தகங்களைத்தான் இவள் தன் கையால் அடுக்கியிருந்தாள். அந்தப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். முதுகை இடக்கைப் பக்கம் வைத்துத் தைக்கும்போது முதல் பாரம் அடியில் கிடக்கும், கடைசிப் பாரம் மேலே வரும்.

தமிழ்ப் புத்தகம் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டிருந்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். கையை யார் கேட்டார்கள்? ஒன்றை அடியில் வைத்தாள், அதன்மேல் இரண்டு, மூன்று, நான்கு, உச்சியில் ஐந்து. ஆயிரம் புத்தகமும் அப்படியே. ஒரு தையல் தளரவில்லை, ஓர் ஓரம் பிசகவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் கட்டுக் கட்டாய்க் கொண்டுபோய் இறக்கினாள். ஆதிகேசவன் ஒன்றை எடுத்து அட்டையில் தன் பெயரைப் பார்த்தார், தடவினார், முகர்ந்தார். உள்ளே திறந்து பார்த்தாரா? அதுதான் இல்லை. அதை எழுதினவரே அவர், அவருக்கு அதைப் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

அமாவாசைக் கூட்டத்தில் புத்தகம் பறந்தது. செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் கடைக்கு ஒரு கட்டு, புதுவாயல் கூட்டுரோட்டுக் கடைக்கு ஒரு கட்டு, கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று என்று அனுப்பினது போக, பாதிதான் அச்சகத்தில் மிச்சம்.

மறுநாள் காலை ஆரோக்கியமேரி நாஷ்டா தின்றுகொண்டே பீவி ஜானிடமிருந்து ஒரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். அவள் பெரியாஸ்பத்திரியில் ஆயா, மிஷன் பள்ளியில் படித்தவள்.

"இன்னாடி பொஸ்தகம் இது? எட்த்த எட்ப்புலியே கணக்கப்புள்ளையப் புட்ச்சி வெலங்கு மாட்றானுங்க! அப்பால இன்னாத்த துப்பறியறது?"

"கடைசிப் பக்கத்தப் பாத்துகினுகீறியா மேரிக்கா?"

"மொதப் பக்கம்தாண்டி. தோ பாரு, அஞ்சாம் அத்தியாயம்னு போட்டுகீது. அதுக்கப்பறம் நாலு, மூணு… ஏய், ஏண்டி மூஞ்சி இப்டி வெளுக்குது?"

பீவி ஜான் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். எண்தான் தெரியுமே. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. தன் கை செய்த வேலை அத்தனையும் ஒரே வீச்சில் புரிந்துவிட்டது. "அல்லா! ஆயிரம் பொஸ்தகமும் போச்சே மேரிக்கா! அண்ணன் காதுல வுழுந்தா நான் காலி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க அவளால் ஆகுமா? வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். வெளியே போன புத்தகங்களை ஒன்று விடாமல் திரும்ப வாங்கி, பிரித்து, சரியாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் முதலாளிக்குத் தெரியாமலே முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், துப்பட்டி நுனியை மடித்துப் பிரித்தே செவ்வாப்பேட்டை வந்துவிட்டது.

ஸ்டேஷன் கடையில் கட்டு காலி. எங்கே போயிற்று என்று கேட்பதற்கு முன்பே கூச்சல் கேட்டது. பிளாட்பாரக் கோடியில் மூட்டைகள்மேல் பிள்ளைகள் குவிந்து கிடந்தார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'வாருங்கள் கண்ணுகளா' என்று கணக்கப்பிள்ளை மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து நீட்டினார்…"

"வாங்காத! வாங்காதடா!" என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் அலறினார்கள். ஒரு பொடியன் எழுந்து நின்று புத்தகத்தைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"'ரொம்ப நன்றி ஐயா' என்று மூவரும் வாங்கித் தின்றார்கள்…"

"ஐயய்யோ, துன்னுதுங்களே!"

திருடன் யாரென்று அவர்களுக்குத் தெரியும், கதைக்குள் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தத் தவிப்பில்தான் இத்தனை கூத்தும். பீவி ஜானுக்கு இது எதுவும் மண்டையில் ஏறவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, "கண்ணு, அந்தப் பொஸ்தகத்தக் குட்த்துடும்மா. தப்பா கட்டிப்புட்டேன். நல்லதா ஒண்ணு கொணாந்து தர்றேன்," என்று கெஞ்சினாள்.

"இன்னா தப்பு?"

"கடைசில வர வேண்டிய கள்ளன் முன்னாடி வந்துட்டான்ல."

"அதான் நல்லாகீது! கள்ளன் தெரியலன்னா அந்தாளு கடல குடுக்கறதுல இன்னா கீது? தர மாட்டேன், போ!" என்று அந்தப் பெண் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

பெரியபாளையம் வழியாய்ப் பஸ் பிடித்துப் புதுவாயலுக்குப் போனாள். அங்கேயும் இதே கதை. கடைக்காரர் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்கித் தர முடியாது என்று கையை விரித்தார். "வித்த சரக்கு வித்ததும்மா. டப்பு வாங்கிப் பொட்டில போட்டாச்சு," என்றார். வெயிலில் அலைந்து, சோறில்லாமல், செருப்பு வார் அறுந்து, வெறுங்கையோடு திருவள்ளூர் வந்து சேர்ந்தவள், வீட்டுக்குப் போகவில்லை. மறைத்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் வேகிறதை விடச் சொல்லித் தொலைத்துவிடுவது மேல் என்று நேரே அச்சகத்துக்குப் போனாள்.

ஆதிகேசவன் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கணக்கப்புள்ளைய எட்த்த ஒடனே காட்டிக் குட்த்துட்டியே, பாவி! அந்தாளு மேல சந்தேகம் வராம எழுதறதுக்கு நான் எத்தினி நாளு மண்டைய ஒடச்சிக்கினேன் தெரியுமா? தமிழு படிப்பேன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன் மொதலாளி. தெரியாது."

அதை அவள் சொன்ன தினுசில் அவருக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. "இனிமே இந்தப் பக்கம் வராத," என்று மட்டும் சொன்னார். மிச்சமிருந்த பாதியைச் சென்னைக்கு அனுப்பி, பிரித்துச் சரியாகக் கட்டி வரவழைத்துக் கடைகளுக்கு அனுப்பினார்.

அப்புறம் பீவி ஜான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! கூட்டின வாசலையே கூட்டுவாள், தேய்த்த பாத்திரத்தையே தேய்ப்பாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அண்ணன் என்று ஓடி எட்டிப் பார்ப்பாள். பொன்னேரிச் சந்தை வழியாய்ச் சேதி பழவேற்காட்டுக்குப் போகாமலா இருக்கும்? போயிற்று. ஒரு நாள் காலையில் அப்துல் கனி ஜட்கா வண்டியோடு வந்து இறங்கினார். திட்டவில்லை, அதட்டவில்லை. "சொன்ன வார்த்த சொன்னதுதான் தங்கச்சி," என்றார். அவளும் எதிர்த்துப் பேசாமல் தகரப் பெட்டியில் துணியை அடுக்கினாள். பெட்டியை அண்ணனே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். ஆரோக்கியமேரிதான் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆதிகேசவன் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"பீவிம்மா, எங்க கெளம்பிட்ட? இரு, இரு. மெட்ராஸ்ல சரியா கட்டிக் கொணாந்தத ஒரு பையன் வாங்க மாட்றான். 'இது டூப்ளிகேட்டு, கள்ளன மொதல்ல புடிக்கிற பொஸ்தகம்தான் வோணும்'னு கடைக்காரங்கள உண்டு இல்லன்னு பண்றானுங்களாம். புதுவாயல்காரன் அத்தினியும் திருப்பி அனுப்பிட்டான். எல்லாத்தியும் நீதான் தலகீழா திருப்பிக் கட்டணும். ரெண்டாம் பதிப்பும் போடறேன். இனிமே என் அச்சாபீஸ் பைண்டிங் பூராவும் ஒனக்குத்தான், வருஷம் பூராவும்."

பீவி ஜான் அண்ணனைப் பார்த்தாள். அப்துல் கனி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு," என்று ஆதிகேசவன் குரலை இறக்கினார். "வெளிய யார்கிட்டியும் இது தப்புல வந்ததுன்னு சொல்லாத. முன்னுரை ஒண்ணு எழுதி அச்சுக் கோத்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "எனக்குத்தான் தெரியாதே மொதலாளி. நீங்களே வாசிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'தமிழில் இதுவரை யாரும் செய்யாத புதுமையாக, முடிவை முதலில் வைத்து இந்நூலை அமைத்திருக்கிறேன். பல நாள் யோசித்து நான் கண்ட உத்தி இது…'"

"நிறுத்துங்க மொதலாளி," என்றாள் பீவி ஜான். "யோசிச்சீங்களா? நான்தான யோசிக்காம செஞ்சேன்?"

"அதுக்கில்லம்மா, எழுதினவன் நானு…"

"எழுதினது நீங்க, யாரு இல்லேன்னது? கடலய வெச்சது நீங்க, கள்ளன வெச்சது நீங்க. தலகீழா வெச்சது நானு. ஆயிரம் பொஸ்தகத்துக்கும் நான் செவ்வாப்பேட்டைக்கும் புதுவாயலுக்கும் நாயா அலஞ்சி கெஞ்சிக்கினு திரிஞ்சேன். நீங்க வராதன்னு சொன்னீங்க, வாங்கிக்கினேன். என் தப்புக்கு நான் பட்டாச்சு. இப்ப அது நல்லாகீதுன்னதும் ஒங்களுதா? தர மாட்டேன்."

"அப்ப வேல வாணாமா ஒனக்கு?" ஆதிகேசவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலகீழா அடுக்கறதுக்கு ஒனக்குத்தான் தெரியுமா? மெட்ராஸ்காரன்கிட்ட சொன்னா அவன் அடுக்கிட்டுப் போறான்!"

"அடுக்கட்டும். வண்டி நிக்குது, நான் போறேன்," என்றாள். வாய் அப்படிச் சொல்லிற்றே தவிர மனசு ஒப்பவில்லை. போகத்தான் வேண்டுமா? ஒரு பொய்க்குத் தலையாட்டினால் போதும், வீடு நிற்கும், வேலை நிற்கும், தன் கால் தன் வாசலில் நிற்கும். ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவள்தானே? சொன்னவளால் இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. அண்ணன் வீட்டு உள்கட்டுச் சுவர் கண்ணெதிரே வந்து நின்றது. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

ஆரோக்கியமேரி சும்மா இருப்பாளா? "நல்லாகீது சாரு ஒங்க நியாயம்! செவ்வாப்பேட்ட ஸ்டேஷன்ல இவ அத்தினி புள்ளைங்க முன்னாடி 'நான்தான் தப்பா கட்டினேன்'னு கெஞ்சிகீறா. இப்ப நீங்க முன்னுரையில இப்டி எழுதினா அதுங்க படிச்சிட்டு சிரிக்காதா?"

ஆதிகேசவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற ஒரு வார்த்தைதான் அவரைக் குத்திற்று. அவர்களுக்காக அல்லவா மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார்! வாசல் படியில் உட்கார்ந்தார். தாளைத் திருப்பி, பென்சிலை எடுத்து, அடித்து அடித்து என்னவோ எழுதினார்.

"இத்தக் கேளு," என்றார் கொஞ்சம் கடுகடுப்பாகவே. "'இந்தப் புத்தகம் தவறாகக் கட்டப்பட்டது. கட்டியவர் திருவள்ளூர் பீவி ஜான். பிள்ளைகள் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தவறு அப்படியே இருக்கிறது.' போதுமா?"

பீவி ஜான் அண்ணன் பக்கம் திரும்பினாள். அப்துல் கனி அந்தத் தாளை வாங்கினார். வியாபாரி, தமிழ் நன்றாகவே படிப்பார். ஒரு முறை தனக்குள் வாசித்தார், இன்னொரு முறை உரக்க வாசித்தார். தங்கை பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"இத்தினி நாளு இதுல ஒரு எழுத்துகூடத் தெரியாமலா கட்டிக்கினுகீற?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே."

"தெரியாததுக்கே மொதலாளிய இந்தப் பாடு படுத்துற. எங்கூட்ல வந்து உக்காந்தா என் கடய நீதான் நடத்துவ," என்றார். வண்டிக்குப் போனார். ஏறவில்லை. தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளே பழைய இடத்தில் இறக்கி வைத்தார்.